நல்லூர்க் கொடியேறேக்க அந்தக் கன்று உயிரோட இருக்குதா?

கார்த்திகை மாதம் யாழ்ப்பாணத்தில் ஒரு நிகழ்வுக்குப் போய் வெறுங்கையோடு வீடு திரும்புவது கஷ்டம். பாடசாலை விழாவுக்குப் போனால் ஒரு கன்று. நினைவு நிகழ்வுக்குப் போனால் ஒரு கன்று. சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா, வங்கிக் கிளையின் ஆண்டு நிறைவு, கனடாவிலிருந்து வந்தவரின் அறுபதாவது பிறந்தநாள், எல்லாத்துக்கும் கன்று. பிரதம விருந்தினருக்கு மாலைக்குப் பதில் பூச்சாடி. நல்ல விசயம்தானே எண்டு கேட்பீங்கள். நல்ல விசயம்தான். அதாலதான் அதைப்பற்றிக் கொஞ்சம் கடுமையாகக் கதைக்க வேண்டியிருக்கு.

அந்த நிகழ்வுகளின் செய்திகளை ஒருக்கா கவனமாக வாசியுங்கோ. இத்தனை நூறு கன்றுகள் 'வழங்கி வைக்கப்பட்டன', இத்தனை ஆயிரம் கன்றுகள் 'நாட்டி வைக்கப்பட்டன'. முழுக்க முழுக்கச் செயப்பாட்டு வினை. ஆர் கிடங்கு வெட்டினது, ஆற்ற வளவு, நாளைக்கு ஆர் தண்ணி ஊத்துறது எண்டு தேடிப் பார்த்தால் அந்த வசனங்களில் எழுவாயே கிடையாது. படத்தில் மட்டும் நிறையப் பேர் இருக்கினம். ஒரு முழம் உயரக் கன்றைப் பன்னிரண்டு பேர் தொட்டுக்கொண்டு நிற்கினம்.

அடுத்த ஆடி ஆவணியில், நல்லூரில் கொடியேறுகிற நேரம், 'போன கார்த்திகை நாங்கள் குடுத்ததில் இத்தனை கன்று உயிரோட நிக்குது' எண்டு ஒரு அமைப்பாவது செய்தி போட்டு நான் வாசிச்சதில்லை. என்ர சண்டை முழுக்க அந்த ஒரு செய்திக்காகத்தான்.

ஏன் நல்லூர்க் கொடி? அதுதான் எங்கட ஊரில் கன்றுகளுக்கான சோதனைக் காலம். குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒண்டும் இல்லை. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும்தான் ஆறு. வருகிற மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டி முடிஞ்சிடும். தையில் பனி. சித்திரையில் இடியோட ரெண்டு மழை பெய்தால் பெரிய விசயம். வைகாசியில் காண்டாவனம். பிறகு சோளகம் வீசத் தொடங்கினால் மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்தையும் காற்றே குடிச்சிடும். கார்த்திகையில் நட்ட கன்றுக்கு மழை தண்ணி ஊத்துறது இரண்டு மாதம். மிச்சம் ஏழெட்டு மாதம் மனுசர்தான் ஊத்தவேணும். விழா எடுக்கிறது மழையின் இரண்டு மாதத்துக்கு. மனுசரின் ஏழெட்டு மாதத்துக்கு ஒரு நோட்டீசும் அடிக்கிறதில்லை.

கார்த்திகையாவது பரவாயில்லை, நாள் சரி. இன்னொரு கூத்து இருக்கு. ஒவ்வொரு வருசமும் ஜூன் 5, உலக சுற்றாடல் தினம். 1973 இலிருந்து உலகம் கொண்டாடுற நாள். அண்டைக்கு எங்கட பாடசாலைகளிலும் பிள்ளைகளை வெயிலில் நிரையாக நிற்பாட்டிக் கன்று நடுகினம். கொழும்பில் அது தென்மேல் பருவ மழைக்காலம், நட்டால் பிழைக்கும். இஞ்ச அது சோளகம் பிய்ச்சு அடிக்கிற காலம். 2022 நெருக்கடியில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்து வீட்டில பயிர் செய்யுங்கோ எண்டு அமைச்சரவை முடிவெடுத்ததும் இதே ஜூன் மாதத்தில்தான். முதல் வருசம் ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, ஆறேழு மாதத்தில் அதைத் திருப்பி எடுத்த அதே அரசாங்கம். கொழும்பின் நாட்காட்டியைப் பார்த்து யாழ்ப்பாண மண்ணில் கிடங்கு வெட்டுறதை எங்கட அதிபர்மாரும் அதிகாரிமாரும் எப்ப நிற்பாட்டப் போகினம்?

உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இப்பிடி எண்டு நினைச்சுக் கூசத் தேவையில்லை. 2019 நவம்பர் 11 இல் துருக்கி அரசு ஒரே நாளில் 1 கோடி 10 லட்சம் கன்று நட்டதாகப் பெருமைப்பட்டது. சில மாதம் கழிச்சு அந்த நாட்டு விவசாய, வனத்துறைத் தொழிற்சங்கம் ஒண்டு, தாங்கள் போய்ப் பார்த்த இடங்களில் 90 வீதம் வரை செத்துப்போச்சு எண்டு அறிவிச்சது. அமைச்சு மறுத்தது. ஆர் சரி எண்டதை விடுங்கோ. அங்கை எண்ணிப் பார்க்க ஒரு சங்கமாவது இருந்துது.

கார்த்திகையை வடக்கின் மரநடுகை மாதமாக அறிவிச்சது, 2013 இல் தெரிவான வடமாகாண சபை, பொ. ஐங்கரநேசன் விவசாய அமைச்சராக இருந்த காலத்தில். அந்த முடிவில் விசயம் தெரிஞ்ச ஒருவரின் கை இருக்கு எண்டது பார்த்த உடனே விளங்கும். மழையின் மாதம், மண் இளகியிருக்கிற மாதம், ஆக்கள் செத்தவர்களை நினைக்கிற மாதம். அவருடைய தமிழ்த் தேசியப் பசுமை இயக்கம் நல்லூர் சங்கிலியன் பூங்காவில் நடத்துகிற 'கார்த்திகை வாசம்' மலர்க்கண்காட்சியையும் நான் இந்தச் சண்டையில் எதிர்ப்பக்கம் நிறுத்த மாட்டன். குடும்பமாக வந்து, கண்டு வாங்கி, நாற்றுமேடைக்காரரிட்ட 'இதுக்கு வெயில் கூடவா வேணும்?' எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிற சனத்தைப் பார்க்க எனக்கு விருப்பம். காசு குடுத்து வாங்கின கன்றை ஆரும் லேசில சாக விடமாட்டினம். சும்மா குடுத்ததுதான் வாசல் படியில பொலித்தீன் பையோடயே காயும்.

மாகாண சபை 2018 ஒக்டோபரோடு கலைஞ்சு, இண்டைக்குவரை தேர்தல் இல்லை. மாதம் மட்டும் மிஞ்சியிருக்கு. ஏனெண்டா நடுறதுக்கு ஒரு நாளும் ஒரு மேடையும் போதும். பராமரிக்கத்தான் ஒரு நிர்வாகம் வேணும்.

இதில் எனக்கு உண்மையில் வயித்தெரிச்சலான இடம் வேற. மாவீரர் வாரத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு மதிப்பளிக்கிற நிகழ்வுகளில் தென்னங்கன்றோ மாங்கன்றோ கையில் குடுக்கிறது வழமையாகிவிட்டது. அந்தக் கன்றை வாங்கிப் போற எழுபது வயது அம்மாவுக்கு அது வெறும் கன்றில்லை. அதுக்கு அவ ஒரு பேர் வைச்சிருப்பா. வெளியில சொல்லமாட்டா. தனிய இருக்கிற மனுசி, கப்பியில தண்ணி அள்ளி வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஊத்தவேணும். ஆடியில் அது காய்ஞ்சால் அவ ரெண்டாந் தரமும் ஒரு பிள்ளையைக் குடுத்தமாதிரி. கன்றைக் குடுத்த அமைப்பில் ஒரு பெடியன், பங்குனியில ஒருக்கா, வைகாசியில ஒருக்கா அந்தப் படலையைத் திறந்துகொண்டு போய் 'அம்மா, கண்டு எப்பிடி நிக்குது?' எண்டு கேட்டானா? கேட்டிருந்தால் நாலு வாளி தண்ணியும் ஊத்தியிருப்பான். அவ தேத்தண்ணி போட்டுக் குடுத்திருப்பா. மதிப்பளிப்பு எண்டு நாங்கள் தேடுறது அந்த நேரம் தானாகவே நடந்திருக்கும்.

கன்று சாகிறதுக்குத் தண்ணி மட்டும் காரணமில்லை. வலிகாமத்தில் செம்பாட்டு மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். பல வளவுகளில் ரெண்டு அடி வெட்டவே அலவாங்கு 'டங்' எண்டு கேட்கும். அந்தக் கல்லை உடைச்சு, கிடங்கை ஆறவிட்டு, மாட்டெருவும் குழையும் போட்டு மூடி, பிறகு நடுறதுதான் முறை. விழாவில் ஒரு சாண் கிடங்கு தோண்டி, பையை அரைகுறையாகக் கிழிச்சு வைக்கிறம். நாற்றுமேடையில் கனகாலம் நிண்ட கன்றின் வேர் பைக்குள்ளேயே சுருண்டு வட்டமடிச்சிருக்கும். அதை வெட்டி விரிச்சு விடாட்டி, மண்ணுக்குள்ளையும் அதே வட்டம்தான் அடிக்கும். மேடையில் வாழ்த்துரை முக்கால் மணித்தியாலம், வேரைப்பற்றி ஒரு வசனம் இல்லை.

இனி கன்றை விட்டு வளவுக்கு வருவம். முக்கியமான சண்டை அங்கதான். கன்று குடுக்கிற அதே ஊரில், அதே வருசங்களில், கன்று நட இடம் இல்லாமல் வளவுகளை மூடிக்கொண்டு வாறம்.

பழைய யாழ்ப்பாண வீட்டின் தோட்டம் வேலியில் தொடங்கும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை. மழை தொடங்கக் கதியால் போட்டால் அது தானாக வேர் பிடிச்சு மரமாகும். இடையில பனையோலையோ கிடுகோ கட்டி மறைப்பு. வருசத்துக்கு ஒருக்கா வெட்டுற குழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீன், மிச்சம் தோட்டத்துக்கும் வயலுக்கும் பசளை. உக்கின ஓலையும் மண்ணுக்குள்ளதான் போகும். தடி அடுப்புக்கு. வேலியில் முசுட்டை படரும், குறிஞ்சா படரும், தூதுவளை படரும், கொவ்வை படரும். அம்மம்மாமார் காலையில வேலியோரம் ஒரு நடை நடந்து வந்தால் மத்தியான வறைக்கு இலை கிடைச்சிடும். நட்டதும் இல்லை, காசு குடுத்ததும் இல்லை. வேலிக்கு நடுவில ஒரு பொட்டு. அதுக்குள்ளால பக்கத்து வீட்டுக்குக் கறிச்சட்டியும் போகும், ஊர்க்கதையும் போகும்.

இதைச் சொன்ன உடனே ஆரும் கண் கலங்க வேண்டாம். வேலி ஒரு சொர்க்கமும் இல்லை. கதியாலை ஒரு அடி தள்ளிப் போட்டதால் தொடங்கி நீதிமன்றம்வரை போன எல்லைச் சண்டைகள் எத்தனை. அந்த வேலியை அடைச்சது, குழையை மிதிச்சது, தோட்டத்தைக் கொத்தினது பெரும்பாலும் வேலிக்கு உள்ளே கதிரை கிடைக்காத ஆக்கள். அந்த வளவின் நல்ல கிணத்தில் தண்ணி அள்ள விடாமல் சாதி பார்த்ததும் இதே ஊர்தான். ஆகவே 'முந்தியெல்லாம் எப்பிடி இருந்தம்' எண்டு பாட்டுப் பாட நான் வரேல்ல. வேலி செய்த வேலைகளை இண்டைக்கு எது செய்யுது எண்டுதான் கேட்கிறன்.

மதில் செய்யேல்ல. மதில் ஏன் வந்தது எண்டு விளங்குது. வேலி அடைக்கக் கூலிக்கு ஆள் இல்லை, ஓலை இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், வயசான ரெண்டு பேர் தனிய. வாள்வெட்டுச் செய்திகளை வாசிச்சுப்போட்டு மனுசர் மதில் கட்டாமல் என்ன செய்வினம்? மதிலைக்கூட மன்னிக்கலாம். மதிலுக்கு உள்ளே செய்யுறதைத்தான் மன்னிக்கேலாது. கேற்றிலிருந்து குசினி வாசல் வரை இன்ரலொக் கல். 'குப்பை விழாது, மழைக்குச் சேறு இல்லை.' சருகு விழுது எண்டு வேம்பைத் தறிச்சாச்சு. வேர் மதிலை வெடிக்கப் பண்ணுது எண்டு பூவரசைத் தறிச்சாச்சு. பிறகு முத்தத்தில் பதினைஞ்சு சீமெந்துச் சாடி, அதுக்குள்ள கார்த்திகையில் வாங்கின பூக்கண்டு. அதுதான் வீட்டுத்தோட்டம்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு பரப்பு எண்டால் 10 பேர்ச்சஸ், ஏறக்குறைய 253 சதுர மீற்றர். வருசத்துக்கு 1,250 மில்லிமீற்றர் மழை எண்டு வைச்சால் ஒரு பரப்பில் விழுகிற தண்ணி மூண்டு லட்சம் லீற்றருக்கு மேல. ரெண்டு பரப்பு வளவு எண்டால் ஆறு லட்சம் லீற்றர். அதில் ஒரு பங்கு ஆவியாகும், ஒரு பங்கை மரம் குடிக்கும், மிச்சம் மண்ணால இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் சேரும். எங்கட கிணறுகளுக்கு வாற நன்னீர் அதுதான். மலையிலிருந்து வாற ஊற்று இஞ்ச ஒண்டும் இல்லை. கடல்நீருக்கு மேல் மிதக்கிற மெல்லிய நன்னீர்ப் படை, அதை நிரப்புறது எங்கட கூரையிலயும் முத்தத்திலயும் குளங்களிலயும் விழுகிற மழை. முத்தத்தைக் கல்லால மூடினால் அந்தத் தண்ணி ரோட்டுக்குப் போகும், ரோட்டிலிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து கடலுக்கு. மார்கழியில் 'நகரம் வெள்ளத்தில்' எண்டு படம் போடுறம். ஆடியில் 'கிணறு உவர்ப்படிக்குது' எண்டு குறை சொல்றம். ரெண்டும் ஒரே முத்தத்தின் வேலை.

பேந்து என்ன செய்யுறம்? கடல் தண்ணியை நன்னீராக்குறம். 2024 ஓகஸ்டில் தாளையடியில் திறந்த சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் வரை தரக்கூடியது. அது தேவை, மறுக்கேல்ல. வலிகாமக் கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்கிற லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அள்ளிக் கொட்டின யூரியாவும், கிணத்துக்குப் பக்கத்திலயே தோண்டின மலக்குழியும் அதுக்குக் காரணம். சுன்னாகத்தில் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் 2019 இல் உயர்நீதிமன்றம் மின் உற்பத்திக் கம்பனியை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. குடிக்கிறதுக்குக் குழாய்த்தண்ணி வேணும் எண்டது நியாயம். ஆனால் மழைத்தண்ணியைக் கடலுக்கு அனுப்பிப்போட்டு, அதே கடலைக் காசு செலவழிச்சு வடிகட்டி, குழாயில் கொண்டுவந்து, முத்தத்துச் சாடிக்கு ஊத்துறதுக்கு என்ன பேர் வைக்கிறது? தமிழ்நாட்டில் 2003 இலேயே கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். எங்கட மலர்க்கண்காட்சிகளில் கூரைத்தண்ணியை எப்பிடிக் கிணத்தடிக்குத் திருப்புறது எண்டு காட்டுற ஒரு கொட்டில் போடுறதுக்கு என்ன தடை?

வளவு இல்லாத ஆக்களைப்பற்றியும் கதைக்கவேணும், இல்லாட்டி இது மதில் வைச்ச வீட்டுக்காரரின் சண்டையாக முடிஞ்சிடும். குடாநாட்டின் நல்ல செம்பாட்டு நிலத்தில் ஒரு பெரிய துண்டு வலிகாமம் வடக்கில். 1990 இல் அங்கையிருந்து எழும்பின சனத்தில் ஒரு பகுதி கால் நூற்றாண்டுக்கு மேல சுன்னாகம், மல்லாகம் பக்க முகாம்களில் தகரக் கொட்டிலுக்குள்ள இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிலம் விட்டாலும் இன்னும் விடாத காணி இருக்கு. அந்த மண்ணில் இராணுவம் மரக்கறி செய்தது ஊருக்கே தெரிஞ்ச விசயம். ஆக, 'ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தோட்டம்' எண்டு பதாகை கட்டுறவை, வீட்டையும் தோட்டத்தையும் முள்ளுக்கம்பிக்கு அங்கால விட்டவைக்கு என்ன கன்று குடுக்கப் போகினம் எண்டும் சொல்லவேணும். பசுமை நிகழ்வு எண்டு பேர் வைச்ச உடனே காணிப் பிரச்சினை மேடையிலிருந்து இறங்கிவிடுது. எனக்கு அது ஒரு கெட்டித்தனமாகவே படுது. ஆரும் எதிர்க்க மாட்டினம், ஆருக்கும் கோபம் வராது, ஆளுநரும் வருவார், படையதிகாரியும் வருவார், ரெண்டு பேரும் சேர்ந்து தண்ணி ஊத்துவினம்.

'சும்மா ஒரு விழா, சனம் சந்தோசப்படுகுது, அதையும் விடமாட்டியா?' எண்டு ஒரு நண்பர் கேட்டார். சந்தோசம் தாராளமாக வரட்டும். மண்ணில் கை வைச்ச மனுசருக்கு நித்திரை நல்லா வரும், அதுவும் எனக்குத் தெரியும். 1990களில் பொருளாதாரத் தடை காலத்தில், யூரியா கொண்டுவரத் தடை, மண்ணெண்ணெய் இல்லாமல் இறைப்பு மெசின் நிண்ட காலத்தில், குடாநாடு தன்ர வளவிலிருந்து எவ்வளவையோ சாப்பிட்டது. முருங்கையும் வாழையும் மரவள்ளியும் எங்களைக் காப்பாத்தினது. அது விருப்பத்தோட செய்த பொழுதுபோக்கு எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம். ஆனால் அண்டைக்குச் சாப்பாடு தரத் திறந்த மண் இருந்துது. இண்டைக்கு அப்பிடி ஒரு நிலைமை வந்தால் இன்ரலொக் கல்லுக்கு மேல மரவள்ளி வராது.

எங்கட இளைஞர் அமைப்புகளிட்ட, நாங்களும் சேர்த்துத்தான், நான் கேட்கிறது பெரிசா ஒண்டும் இல்லை. கார்த்திகையில் மேடை போடுறதுக்கு முதல் புரட்டாசியில் வீடு வீடாகப் போங்கோ. கிடங்கு வெட்டி, குழை போட்டு மூடி வைச்சிருக்கிற வீட்டுக்கு மட்டும் கன்று. வெட்ட ஏலாத வயசான ஆக்களுக்கு நாங்கள் போய் அலவாங்கு பிடிப்பம். ஆயிரம் கன்று குடுக்கிற காசில் நூறு குடுத்து, மிச்சத்தில் ரெண்டு தண்ணித் தாங்கியும் ஒரு லாண்ட்மாஸ்ரர் வாடகையும் வைச்சால் ஆடிவரை இழுக்கலாம். கன்றோடு வளர்ந்த ஆட்டையும் யோசியுங்கோ, கம்பிக்கூடு இல்லாமல் ரோட்டோரம் நட்டால் அது ஆட்டுக்குப் போட்ட விருந்து. திருநெல்வேலி விவசாயப் பயிற்சி நிலையத்துக்கு ஒரு நாள் போனால், பதியம் வைக்கிறதும் ஒட்டுப்போடுறதும் கைப்படப் பழகலாமா எண்டு கேளுங்கோ. சுற்றுலாவுக்கு மலைநாட்டுப் பூந்தோட்டம்தான் போகவேணும் எண்டில்லை. இன்னும் கிளுவை வேலி நிக்கிற ஒரு ஒழுங்கையில் சைக்கிளில் போய், அந்த வீட்டு ஆச்சியிட்ட முசுட்டை எது, குறிஞ்சா எது எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ. அப்பிடியே ரெண்டு கதியாலும் கேட்டு வாங்குங்கோ. தருவா. மதிலுக்கு உள்பக்கமாகவும் கதியால் வேர் பிடிக்கும்.

வீட்டில இன்ரலொக் போட அப்பா விலை கேட்டுக்கொண்டு திரிஞ்சால், கார் நிக்கிற இடத்துக்கும் நடைபாதைக்கும் மட்டும் போடச் சொல்லி சண்டை பிடியுங்கோ. மேடையில் சூழல்பற்றிப் பேசுறதைவிட அது கஷ்டமான சண்டை. செலவு குறையும் எண்டு சொல்லிப் பாருங்கோ, அதுக்கு மசியக்கூடும்.

இந்தக் கார்த்திகையில் உங்கட அமைப்பு கன்று குடுத்தால் பெறுகிறவரின் பேரையும் ஒழுங்கையையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ. நல்லூர்க் கொடியேறின அண்டைக்குப் பின்னேரம், ஐஸ்கிறீம் குடிக்கப் போறதுக்கு முதல், அந்தக் கொப்பியோட ஒரு சுற்றுப் போய் எண்ணிப்போட்டு வாங்கோ. பத்தில் ரெண்டுதான் உயிரோட எண்டாலும் பரவாயில்லை, அந்த ரெண்டை எழுதி எங்களுக்கு அனுப்புங்கோ. படம் தேவையில்லை. நாங்கள் போடுறம்.